தையல் கூடத்துப் பூட்டு

காலையிலிருந்தே நாச்சிமுத்துவுக்குத் தலை கொதித்தது. பனியன் கம்பெனி முதலாளி அவர். அவரிடம் டெய்லராக இருக்கும் ரேணுகா, தையல் கூடத்துக்குள் வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றுவிட்டாள். சட்டம் பேசுகிறாளாம், அதுவும் அவரிடம்!

விறுவிறுவென்று மடத்துக்குப் போனார். சாமியார் அவரைவிட இளையவர்தான். ஆனாலும் அவர் சொன்னால் நாச்சிமுத்துவுக்கு மறுபேச்சு கிடையாது.

“நீங்களே சொல்லுங்க சாமி. துணி களவு போகுதுன்னு வேலை நேரத்துல கதவைப் பூட்டறேன். ஆள் உள்ள இருக்கறப்பப் பூட்டக்கூடாதுன்னு சட்டம் இருக்குதுங்கறா. சம்பளம் வாங்கறவளுக்குக் கடமை பெருசுங்களா, உரிமை பெருசுங்களா?”

“அவளை என்ன செய்யப் போறீங்க?”

“மத்தியானத்துக்குள்ள வேலையை விட்டு அனுப்பிருவேன். இவளுக்கு விட்டுக்கொடுத்தா நாளைக்கு எல்லாரும் தலைமேல ஏறிக்குவாங்க.”

சாமியார் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“வாங்க, உங்க கம்பெனியைப் பார்க்கணும்.”

அடடா, நாச்சிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை! எத்தனை வருஷமாகக் கூப்பிட்டும் வராத மனுஷர்.

வந்த சாமியார் வாசலில் நின்ற ரேணுகாவை ஒரு பார்வை பார்த்தார். நேரே உள்ளே போய், காலியாகக் கிடந்த அவளுடைய மிஷின் முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

நாச்சிமுத்து டீ சொல்ல வெளியே வந்தார். இடைவேளை முடிந்து மணி அடித்தது. சூப்பர்வைசர் துரைக்கண்ணு வழக்கம்போலக் கதவை இழுத்துப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான்.

டீ சொல்லிவிட்டுத் திரும்பும்போது கருகல் வாடை அடித்தது. மோட்டார் கருகுவது அங்கே சகஜம்தான். எப்போதும் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடுவார். இன்றைக்குக் கதவை நோக்கி ஓடினார்.

“டேய், பூட்டைத் திறடா! உள்ள சாமி இருக்காருடா!” என்று அலறினார்.

துரைக்கண்ணு பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். சாவி பூட்டில் நுழைய மாட்டேன் என்றது. அதற்குள் ரேணுகா ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டாள். மிஷின்கள் ஓய்ந்தன. உள்ளே இருந்த பெண்கள் கதவைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

பூட்டு திறந்ததும் பெண்கள் இருமிக்கொண்டே ஓடிவந்தார்கள். சாமியார் கடைசியாக வந்தார். நாச்சிமுத்து அவர் காலில் விழுந்தார்.

“உசுரே போயிருச்சுங்க சாமி! நீங்க உள்ள இருக்கீங்கன்னு நெனச்சதும் ஈரக்கொலை நடுங்கிருச்சுங்க.”

சாமியார் இருமலை அடக்கிக்கொண்டு திரும்பினார். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தார்.

“நேத்து உள்ள யாரு இருந்தாங்க, நாச்சிமுத்து?”