கோச்சை மாற்றிய கூட்டம்

சங்குமேட்டுக் கால்பந்து அணி ஏழு ஆட்டம் வரிசையாகத் தோற்றது. ஏழாவதில் வாங்கிய கோல்களை எண்ண, நடுவர் காலணியைக் கழற்றிக் கால் விரல்களையும் சேர்த்துக்கொண்டார் என்றால் பாருங்களேன்!

அன்று மாலையே ரசிகர்கள் மீன் ஏலக்கூடத்தில் கூடி, கோச் பெனடிக்டை நீக்குவதா வேண்டாமா என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். கால்பந்து மன்றத் தலைவர் சிலுவைதாசன், நாலு விசைப்படகுக்குச் சொந்தக்காரர், மேசையைக் குத்தினார்.

"தோத்ததுக்குக் கோச்தான் காரணம். இல்லேன்னு எவனாவது நிரூபிங்கலே, பாப்போம்!"

மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடும் அந்தோணியடிமை எழுந்தான். "நான் நிரூபிக்கேன் அண்ணாச்சி."

"முடியலேன்னா அவரோட உன் வேலையும் போச்சு!"

"சரி அண்ணாச்சி. ஆட்டத்தில நம்ம பயலுவ கோச் சொல்றதைக் கேக்கானுவளா?"

"எங்கே கேக்கான்? கோட்டு ஓரமா நின்னு நாந்தானே கத்துதேன்! கோல் காக்கிற கோலியை முன்னால ஏறி வரச் சொன்னது யாரு? நான்! பின்னால நின்ன மூணு பேரையும் கோலடிக்கத் துரத்தினது யாரு? நான்!"

"ஏழு ஆட்டத்திலயுமா?"

"ஒண்ணு விடலையே!" தலைவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

அந்தோணியடிமை கூட்டத்தின் பக்கம் திரும்பினான். "கேட்டுக்கிட்டீயளா? இந்த ஏழு ஆட்டத்தையும் நடத்தினவரை மாத்தணும்னு நினைக்கிறவுக கையைத் தூக்குங்க."

கூடமே கை தூக்கியது. எல்லோருக்கும் முந்தி உயர்ந்தது சிலுவைதாசனின் கை. தம்மையே நீக்கிக்கொண்டோம் என்பது அவருக்கு உறைப்பதற்குள், தீர்மானப் புத்தகத்தில் மை காய்ந்துவிட்டது.