முதலில் போட்டுக்கொண்டவள்

"ஊசி போட்டுக்கலாங்களா, அம்மா?" என்று நாச்சிமுத்து கேட்டார்.

மரகதம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"யாருக்குக் கேக்கறீங்க?"

"எனக்குத்தானுங்க."

"உங்களுக்கு என்ன தோணுது?"

"புது மருந்துங்க. நோவு வந்தே முழுசா வருசம் திரும்பலை, அதுக்குள்ள மருந்து கண்டுபிடிச்சுட்டாங்களாம். எனக்குச் சக்கரை வேற இருக்குது. என்ன பண்ணுமோ ஏது பண்ணுமோ."

"போட்டுக்காம இருந்து நோவு வந்துட்டா?"

"அதுவும் பயந்தானுங்க. சக்கரை இருக்கறவங்களைத்தான் மொதல்ல கொண்டுபோகுதுன்னு சொல்றாங்க."

"அப்ப ரெண்டு பக்கமும் பயம்."

"ஆமாங்க. அதனால நாலு பேர் போட்டுக்கட்டும், எப்படி இருக்காங்கன்னு பார்த்துட்டு அப்பறம் போட்டுக்கலாம்னு இருக்கறேன்."

மரகதம்மாள் ஒரு பழுத்த இலையைப் பொறுக்கி அப்பால் போட்டார். "செய்யுங்க" என்றார்.

குரு "செய்யுங்க" என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் கேள்வி கேட்பது அந்த மடத்தில் வழக்கமில்லை. நாச்சிமுத்துவுக்கு அன்றைக்கு அந்த வழக்கம் மிகவும் வசதியாக இருந்தது.

நாச்சிமுத்து அறுபதைத் தாண்டியவர். ஊரில் இரும்புக்கடை வைத்திருந்தார். மனைவி போனபிறகு கடையை மகனிடம் விட்டுவிட்டு, சாலையோரத்தில் இருந்த இந்தச் சின்ன மடத்துக்கு வந்து சேர்ந்தார். குருவான மரகதம்மாளோ அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். தங்கச்சி வயசுக்காரியிடம் போய்க் கைகட்டி நிற்கிறார் என்று கடைவீதியில் சிரித்தார்கள். நாச்சிமுத்து அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. அவர் வெட்கப்பட வேண்டியது அதற்கில்லை என்பது உண்மைதான்.

மத்தியானம் வருகிறவர்களுக்குச் சோறு போடுவது மடத்தின் வேலை. நோய் பரவியதும் பந்தி நின்றுபோயிற்று. வாசலில் பொட்டலமாகக் கொடுத்தார்கள். கொடுப்பது நாச்சிமுத்து, சமைப்பது மயிலாத்தாள்.

மயிலாத்தாள் புருசனை இழந்தவள். மடத்துக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டில் தனியாக இருந்தாள். மரகதம்மாள் எல்லோரையும் போல அவளையும் "வாங்க, போங்க" என்றுதான் கூப்பிடுவார். நாச்சிமுத்துவுக்கு அந்தப் பழக்கம் வரவில்லை. கடையில் ஆள் வைத்து வேலை வாங்கிய வாய்.

அன்று சாயங்காலம் அவர் அடுப்படி வாசலில் போய் நின்றார்.

"மயிலாத்தா, பள்ளிக்கூடத்துல ஊசி போடறாங்களாம். நாளைக்கு நீ போய்ப் போட்டுட்டு வந்துரு."

"நானுங்களா?"

"இத்தனை பேர் திங்கற சோறு உன் கையில இருந்துதான் வருது. நீ போட்டுக்கறதுதான் மொறை."

சரியான பேச்சு. யாரும் குறை சொல்ல முடியாது. ஒரு வார்த்தை பொய் கிடையாது. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது.

"நல்லதுதானுங்களே, ஐயா?"

"நல்லதுதான்."

"நீங்க வரலீங்களா?"

"எனக்குக் கொஞ்சம் வேலை இருக்குது. நீ முன்னால போ."

மறுநாள் மயிலாத்தாள் சமையலைச் சீக்கிரமே முடித்துவிட்டு, துவைத்து வைத்திருந்த சேலையைக் கட்டிக்கொண்டு, வெயிலில் தனியாக நடந்து போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள்.

அதுவரை அடுப்படிக்குள் கால் வைக்காத நாச்சிமுத்து, அதற்கப்புறம் அங்கேயே பழியாய்க் கிடந்தார். பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"கை வலிக்குதா?"

"கொஞ்சம் கனமா இருக்குதுங்க."

"தலை சுத்துதா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"ராத்திரி தூங்கினயா?"

"தூங்கினேனுங்க."

"நெஞ்சு படபடன்னு வருதா?"

"இல்லீங்க ஐயா."

மடத்துக்கு வந்த நாளிலிருந்து அவளிடம் அவர் கேட்டதெல்லாம் உப்பைப் பற்றியும் புளியைப் பற்றியும்தான். இப்போது அவள் குனிந்தால் பார்த்தார், நிமிர்ந்தால் பார்த்தார். பரவாயில்லை, நாமும் மனுசரைக் கவனிக்கிறோம் என்று தன்மேல் அவருக்கே ஒரு திருப்தி வந்தது.

அந்தத் திருப்தியோடுதான் ஒருநாள் காலை மரகதம்மாளிடம் போனார்.

"அம்மா, மயிலாத்தா ஊசி போட்டுட்டா. ஒண்ணும் ஆகலீங்க. நல்லா நடமாடிட்டு இருக்கறா."

மரகதம்மாள் நிமிர்ந்தார். "அவங்க எப்பப் போனாங்க?"

"போன வாரமுங்க. நான்தான் அனுப்பி வெச்சேன். இன்னும் ரெண்டு நாள் பார்த்துட்டு நானும் போயிரலாம்னு இருக்கறேன்."

மரகதம்மாள் எழுந்து உள்ளே போய்விட்டார். தன்னைப் பாராட்டாமல் போனது நாச்சிமுத்துவுக்குக் கொஞ்சம் குறையாகத்தான் இருந்தது.

மத்தியானம் பொட்டலம் கட்டுவதற்கு முன்னால், ஓர் இலையில் முதல் சோறு எடுத்து மதில்மேல் வைத்துக் காக்கையைக் கூப்பிடுவது மடத்தின் வழக்கம். காக்கை வந்து கொத்தியபிறகுதான் மனிதர்களுக்கு. அது நாச்சிமுத்துவின் வேலை. அன்றும் இலையோடு மதிலுக்குப் போனார். மரகதம்மாள் வழியில் நின்றார்.

"இன்னைக்கு மதில்ல வெக்க வேண்டாம்."

"வேற எங்கீங்க வெக்கறது?"

"அடுப்படிக்குக் கொண்டுபோய் மயிலாத்தாளுக்கு முன்னால வெய்யுங்க."

நாச்சிமுத்துவுக்குப் புரியவில்லை. "அவளுக்குங்களா?"

"அவங்க தின்னு பார்க்கட்டும். ஒண்ணும் ஆகலைன்னா பொட்டலம் கட்டலாம்."

குரலில் கோபம் இல்லை. விளையாட்டும் இல்லை. நாச்சிமுத்து சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று.

இலை கையில் கனத்தது. காது இரண்டும் சுட்டன. பலகையைப் போட்டு உட்கார்ந்து தான் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் அவருக்கு நினைவு வந்தது. ஒன்றுகூட அவளுக்காகக் கேட்டதில்லை. அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"வெய்யுங்க" என்றார் மரகதம்மாள்.

நாச்சிமுத்து அடுப்படிக்குப் போனார். மயிலாத்தாள் அடுத்த பானைச் சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்கய்யா, காக்கா வரலீங்களா?"

அவர் இலையைக் கீழே வைக்கவில்லை. வாசலைத் தாண்டி உள்ளே போகவும் கால் வரவில்லை.

"மயிலாத்தா, உங்களை நான் நல்லதுக்கு அனுப்பலை."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்கு என்ன ஆகுதுன்னு பார்க்கறதுக்கு அனுப்பினேன். உங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னா நான் போட்டுக்கலாம்னு."

மயிலாத்தாள் பானையை நேராக நிமிர்த்தி வைத்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அது தெரியுமுங்க."

"தெரியுமா?"

"ஒருநாளும் இல்லாத அதிசயமா இங்க வந்து உக்காந்துட்டு என் மூஞ்சியவே பார்த்துட்டு இருந்தீங்க. இதுகூடத் தெரியாதுங்களா?"

"அப்பறம் ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கலை?"

"கேட்டு என்ன ஆகப்போகுதுங்க." அவள் அடுப்பைத் தணித்தாள். "ஒண்ணும் ஆகலைன்னு சொன்னதுதான் பொய்யிங்க. மொத நாள் ராத்திரி நல்ல காய்ச்சல். ஒடம்பு அடிச்சுப் போட்டாப்பல இருந்துச்சு. மறுநாளும் விடலை. அப்படித்தான் வரும், தானா போயிரும்னு நர்சம்மா மொதல்லயே சொல்லித்தான் மாத்திரை குடுத்தாங்க. அதே மாதிரி போயிருச்சு."

"காய்ச்சலை வெச்சுக்கிட்டா நல்லாத் தூங்கினேன்னு என்கிட்டச் சொன்னீங்க?"

"சொன்னா நீங்க பயந்துக்குவீங்க. சக்கரை இருக்கற மனுசன். பயந்துட்டுப் போட்டுக்காமலே இருந்து, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா? அதனாலதான் சும்மா இருந்தேன்."

அவள் திட்டியிருந்தால் நாச்சிமுத்து தாங்கிக்கொண்டிருப்பார். கடையில் எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியவர்தான். இதை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

மயிலாத்தாளே வந்து அவர் கையிலிருந்த இலையை வாங்கினாள். "நேரமாகுதுங்க" என்று சொல்லிவிட்டு மதிலுக்குப் போய் வைத்தாள். இரண்டு காக்கைகள் வந்தன.

பொட்டலங்களைக் கொடுத்து முடித்ததும் நாச்சிமுத்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அம்மா, நான் பள்ளிக்கூடத்துக்குப் போறேனுங்க."

"இருங்க. நானும் வர்றேன்" என்றார் மரகதம்மாள்.

துணைக்கு வருகிறார் என்று நாச்சிமுத்து நினைத்தார். தன்னைப் போன்ற ஒருவனுக்கும் துணையா என்று நினைத்தபோது கண் கலங்கியது. வழியில் பாதிக் கடைகள் சாத்திக் கிடந்தன.

பள்ளிக்கூடத்தில் கூட்டம் அதிகமில்லை. நர்ஸ் நாற்காலியைக் காட்டினார். நாச்சிமுத்து சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் போனார். மரகதம்மாள் அவரைக் கையால் நிறுத்திவிட்டுத் தான் போய் உட்கார்ந்தார்.

"ரெண்டாவது ஊசிங்களாம்மா?" என்று நர்ஸ் கேட்டார்.

"இல்லீங்க. இதுதான் முதல்."

நாச்சிமுத்துவின் கை சட்டையிலேயே நின்றது. குரு எப்போதோ போட்டுக்கொண்டிருப்பார் என்றுதான் அவர் இத்தனை நாளும் நினைத்திருந்தார். அதையெல்லாம் குருவிடம் யார் கேட்பார்கள்?

அவருக்கும் போட்டார்கள். கொசு கடித்த அளவுதான். அரைமணி நேரம் இருந்துவிட்டுப் போங்கள் என்று பக்கத்து வகுப்பறைக்கு அனுப்பினார்கள். சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில், நடுவில் இடம் விட்டு, இரண்டு பேரும் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்கள்.

"அம்மா."

"சொல்லுங்க."

"நீங்க எப்பவோ போட்டிருப்பீங்கன்னு நெனச்சேனுங்க."

மரகதம்மாளின் முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தக் கண்கள் தரையைப் பார்த்து நாச்சிமுத்து கண்டதில்லை.

கேட்கக்கூடாது என்றுதான் இருந்தார். ஆனாலும் கேட்டுவிட்டார்.

"எதுக்குங்கம்மா இத்தனை நாள் போட்டுக்காம இருந்தீங்க?"

"நீங்க போட்டுக்கிட்டு எப்படி இருக்கீங்கன்னு பார்க்கறதுக்கு" என்றார் மரகதம்மாள்.