மேட்டுச்சுனைக்குப் போன டர்போ கார்

போடிக்கு மேற்கே, மலைரோடு ஏறத் தொடங்கும் முக்கில், அண்ணன் தம்பிகள் மூன்று பேர் கார் ஷெட் வைத்திருந்தார்கள். பெரியவன் ஒச்சப்பன், நடுவில் மொக்கராசு, கடைசி வீருசின்னு. மூவருக்கும் ஒரே கொள்கை: சொன்னதைச் செய்வது. சொல்லாததை யோசிப்பதுகூட வண்டிக்காரருக்குச் செய்யும் துரோகம் என்று நினைத்தார்கள். இப்படிப்பட்ட நேர்மை உலகத்தில் அதிகம் இல்லை. இல்லாததும் நல்லதுதான்.

அவர்களிடம் தெய்வேந்திரன் தன் டர்போ காரைக் கொண்டுவந்து விட்டான். டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றைத் திணித்து அடிக்கிற சமாச்சாரம். இருந்தது போதாதென்று இன்னும் பெரிய டர்போவாக மாட்டியிருந்தான். அந்த அழுத்தத்தில், இன்ஜினுக்கு மூடியாக இருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் தகடு எரிந்து ஓட்டை விழுந்துவிட்டது. கார் வெள்ளைப் புகையாகக் கக்கியது.

"வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மேட்டுச்சுனையில எனக்கு முகூர்த்தம்ணே. எட்டு கிலோமீட்டர் ஏத்தம். சொந்தக் கார்ல வருவேன்னு வாயை விட்டுட்டேன். கார் வரலைன்னா பொண்ணு இல்லைன்னுட்டாரு மாமனார்."

கோயம்புத்தூரில் லாரன்ஸ் என்றொரு கைதேர்ந்த மெக்கானிக் உண்டு. அவரிடம் போனில் கேட்டுக் கேட்டுச் செய்வதாக ஏற்பாடு.

"ஹெட்டைக் கழட்டுங்க. கழட்டுற சாமானை வரிசை மாறாம வைங்க" என்றார் லாரன்ஸ்.

வைத்தார்கள். போல்ட்டு, ஸ்பிரிங், வால்வு என்று ஒன்றன்பின் ஒன்றாக. வரிசை ஷெட்டைத் தாண்டி, ரோட்டைக் கடந்து, எதிர்த்த டீக்கடைக்குள் நுழைந்தது. ஒரு பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது.

"யோவ், அந்த ரெண்டு வால்வை எடுத்து ஓரமா வைய்யா!" என்றார் டிரைவர்.

"வச்சிரலாம்ணே. வரிசை மாறிருமே" என்றான் ஒச்சப்பன்.

மூவரும் கூடிப் பேசினார்கள். மொக்கராசு பஸ்ஸையே உற்றுப் பார்த்தான்.

"அண்ணே, பஸ் பத்தாவது வால்வுக்கும் பதினோராவது வால்வுக்கும் நடுவுல நிக்குது. இப்ப அதுவும் வரிசையிலதான இருக்கு? இனி அதையும் எடுக்கக் கூடாது."

டிரைவர் கெட்ட வார்த்தையில் ஏதோ சொல்லிவிட்டுப் பின்னுக்கு எடுத்து வேறு வழியாகப் போனார். அந்த இடம் தவறிப்போகக் கூடாதென்று ஒச்சப்பன் ரோட்டில் சாக்பீஸால் 'பஸ்' என்று எழுதிவைத்தான்.

ஹெட்டைப் பட்டறையில் கொடுத்துச் சமமாகச் சீவி வாங்கினார்கள். அழுத்தம் தாங்குகிற புது ஸ்டீல் கேஸ்கட்டும் வந்தது.

"பழசு மேல புதுசை வச்சுப் பாருங்க. ஓட்டைக்கு ஓட்டை ஒத்துப்போகணும். ஒண்ணு குறைஞ்சாலும் மாட்டாதீங்க" என்றார் லாரன்ஸ்.

வீருசின்னு மூன்று தரம் எண்ணினான். "பழசுல ஒரு ஓட்டை கூடுதலா இருக்குண்ணே. கம்பெனிக்காரன் புதுசுல போட மறந்துட்டான்."

"திருப்பி அனுப்பிருவமா?" என்று கேட்டான் மொக்கராசு.

"கல்யாணம் இருக்கே! பாவம், கம்பெனிக்காரனுக்கு என்ன அவசரமோ. நம்மளே போட்டுக்குவோம்" என்றான் ஒச்சப்பன்.

எரிந்துபோன ஓட்டை கோணல்மாணலாக இருந்தது. அதே கோணலை அரத்தால் ராவிக் கொண்டுவருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. "என்னா நெளிவுடா! கம்பெனி வேலைன்னா சும்மாவா" என்று வியந்துகொண்டே எல்லாவற்றையும் மாட்டி முடித்தார்கள்.

லாரன்ஸ் கடைசியாக ஒன்று சொன்னார்: "முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு வண்டியில பாரமே ஏத்தாதீங்க."

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்குப் பட்டுவேட்டியோடு வந்து தெய்வேந்திரன் கார்க் கதவைத் திறந்தான். ஒச்சப்பன் குறுக்கே நின்றான்.

"தம்பி எத்தனை கிலோ?"

"எழுபத்தெட்டு. எதுக்குண்ணே?"

"பாரம். ஏறக் கூடாது."

"நீங்களாவது ஓட்டிட்டு வாங்க. நான் பஸ்ல வர்றேன்."

"நான் தொண்ணூறு."

ஏறாமல் எப்படி ஸ்டார்ட் பண்ணுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. ஆகவே மொக்கராசு ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் தள்ளினார்கள். அரை மணி நேரம் கத்திப் பார்த்துவிட்டு, பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையும் தள்ளினான்.

பத்து இருபதுக்குப் பந்தல் வாசலில் முதலில் கார் தெரிந்தது. அதற்குப் பின்னால்தான் மாப்பிள்ளை தெரிந்தான். மாமனார் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"எட்டு கிலோமீட்டர் ஏறி வந்திருக்கு, சூடே இல்லையே! புகையில்ல, சத்தமில்ல. வண்டின்னா இதுதான் மாப்ள!"

தாலி கட்டியாயிற்று. சாப்பிட்டுவிட்டு, பெண் பூங்கனியோடு தெய்வேந்திரன் வெளியே வந்தான். காரைக் காணோம். போன் போட்டான்.

"அண்ணே, கார் எங்க?"

"இப்பத்தான் தம்பி மீட்டரைப் பாத்தோம்" என்றான் ஒச்சப்பன். "சாவியை முழுசாத் திருப்பாமத் தள்ளினதுல ஒரு கிலோமீட்டர்கூட ஏறல. ஐந்நூறு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. அதான் முதல்லருந்து தள்ளலாம்னு ஷெட்டுக்கே திருப்பிட்டோம். மறுபடி மேல வந்து உங்களைக் கூட்டிட்டுப் போறோம்."

"கீழ போய்ச் சேந்துட்டீங்களா?"

"நாங்க மூணு பேரும் ரெண்டாவது வளைவுல நடந்துக்கிட்டிருக்கோம். இறக்கம் பாருங்க, கார் மட்டும் முன்னாடியே போயிருச்சு."

"அய்யய்யோ! உள்ள யாருண்ணே இருக்கா?"

"சே, சே! ஒரு ஆளை ஏத்துவமா? பாரமே இல்லாமத்தான் போகுது தம்பி."