புற்றோரத்துக் கசப்புக் காளான்

முன்னொரு மழைக்காலத்தில், காட்டுக் கரையான் புற்றின் ஓரத்தில் கசப்புக் காளான் ஒன்று முளைத்தது. சுற்றிலும் புற்றுக் காளான்கள். குடையிலும் நிறத்திலும் அவற்றுக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. ஆனால் அந்தப் பக்கத்து மனிதர்கள் காளான்களை மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார்கள்: தின்பது, கொல்வது, ஒன்றுக்கும் ஆகாதது. கசப்புக் காளான் மூன்றாவது இனம்.

"நஞ்சுக் காளானுக்காவது ஊர் பயப்படுகிறது. என்னைக் கிள்ளி ருசி பார்த்துவிட்டு, காலால் எத்திவிட்டுப் போகிறார்கள். வெட்கமாக இருக்கிறது" என்றது அது.

"மனிதர் வாய்க்குத்தானே நீ ஆகாது? நத்தை உன்னைத்தான் தேடி வருகிறது" என்றது பக்கத்துப் புற்றுக் காளான்.

"நத்தை வந்து என்ன பெருமை!"

இடிமழை ஓய்ந்ததும் பொம்மி கூடையோடு வந்தாள். அவள் மகள் வள்ளிக்கு மசக்கை. எதைத் தின்றாலும் குமட்டல். ஆசைப்பட்டுக் கேட்டது காளான் குழம்பு ஒன்றுதான். பொம்மி எப்போதும் ஒவ்வொரு காளானையும் கிள்ளி, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்த பிறகே கூடையில் போடுவாள். அன்று மறுபடியும் வானம் கறுத்தது. ஒன்றை மட்டும் கிள்ளிப் பார்த்தாள்.

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்" என்று சொல்லி, கசப்புக் காளானையும் சேர்த்து மீதியை அப்படியே பிடுங்கிப் போட்டாள்.

கூடைக்குள் புற்றுக் காளான் பதறியது. "குடையைக் கிழித்துக்கொள்! கிழிந்ததை அவள் எறிந்துவிடுவாள். பாவம், வாயும் வயிறுமாக இருக்கிற பெண்."

"ஒரே ஒரு நாள் உங்கள் இனத்தில் இருந்துவிட்டுப் போகிறேனே" என்று கெஞ்சிய கசப்புக் காளான், குடையை இன்னும் நன்றாக விரித்துக்கொண்டது.

வள்ளி முதல் வாய் வைத்ததும் துப்பினாள். "ஐயோ, கசக்குதும்மா!" காலையில் குடித்த கஞ்சியும் வெளியே வந்துவிட்டது. அவள் அழுதுகொண்டே சுவரோடு சாய்ந்தாள்.

பொம்மி சட்டியோடு தூக்கிப் போய்க் குப்பையில் கொட்டினாள். "இனி புத்துக் காளான் இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது. அந்த இனமே கசப்பு!"

குப்பைமேட்டில் புற்றுக் காளான்கள் குடையைத் திருப்பிக்கொண்டன. திட்டியிருந்தால்கூடத் தேவலை. கசப்புக் காளானுக்கு நிமிர்ந்து பார்க்க முகமில்லை.

அது ஆசைப்பட்டபடியே, அன்று அவையெல்லாம் ஒரே இனமாகிவிட்டன.