நாரைக்கு வைத்த வெற்றிலை பாக்கு

நம் முப்பாட்டன்மாருக்கும் முந்தி, வேளநல்லூர்ச் சீமையை மகுடதரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். எதையும் செய்துவிட்டு அப்புறம் யோசிப்பவர், அவ்வளவே.

ஒரு கார்த்திகை மாதம் மாடத்தில் நின்று ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சின்ன வயதில் இந்நேரம் பெரிய ஏரி முழுக்க நாரையாக இருக்குமே! அம்மா மடியில் உட்கார்ந்து பார்ப்பேனே. எல்லாம் எங்கே போயின?" என்றார்.

காரியக்காரர் தாண்டவராயர் முந்திக்கொண்டார். "ஏரிக்கரைக் குடிகள் முட்டையைத் திருடித் தின்கிறார்கள் பிரபு! நாரைகள் உடனே திரும்பும்படி தண்டோரா போடுவோம். தை பிறப்பதற்குள் வராவிட்டால் அந்த ஊரையே காலி செய்துவிடலாம்." அந்த ஊர் வயல்மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

ராஜாவும் தலையாட்டிவிட்டார். கூத்தைக் கேளுங்கள்! தினமும் மூன்று வேளை ஏரிக்கரையில் முரசு அதிர்ந்தது. "சகல நாரைகளுக்கும் அறிவிப்பது யாதெனில்..." அங்கே மிச்சமிருந்த நாலைந்து கொக்குகளும் பறந்துபோயின.

ஊர் மூட்டை கட்டத் தொடங்கியது. ஏரி மடையைத் திறந்து மூடும் செம்பாயி மட்டும் நேரே அரசவைக்குப் போனாள்.

"மகாராஜா, உங்க மக கல்யாணத்துக்குச் சொந்தபந்தத்தைத் தண்டோரா போட்டா கூப்பிட்டீங்க?"

"சேச்சே! நானே நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தேன்."

"நாரைக்கும் ரோஷம் இருக்காதா சாமி? நீங்களே வந்து தட்டு வெச்சுக் கூப்பிடுங்க. தட்டு அங்க இருக்கிற வரைக்கும் முரசு, படகு, பரிவாரம் எதுவும் கூடாது. அப்பவும் வரலேன்னா நாங்களே போயிடுறோம்."

தாண்டவராயர் விழுந்து விழுந்து சிரித்தார். ராஜா சிரிக்கவில்லை. மறுநாளே தட்டோடு போய்க் கரையில் உட்கார்ந்தார்.

சும்மா உட்கார்ந்தால்தானே கண் தெரிகிறது! நாலாம் நாள், தண்ணீருக்குள் மொட்டை அடிமரங்களைப் பார்த்தார்.

"செம்பாயி, இங்கே கருவேலங்காடு இருந்ததே?"

"உங்க உல்லாசப் படகு போறதுக்கு நீங்கதான் வெட்டச் சொன்னீங்க சாமி. நாரை கூடு கட்டுனது அதுலதான்."

ராஜா தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

தை பிறக்க இரண்டு நாள் இருக்கையில், தப்பிப் பிழைத்த ஒற்றை மரத்தில் ஒரு ஜோடி நாரை வந்து இறங்கியது.

"ஜெயம்! அறையுங்கள் முரசை!" என்று ஓடிவந்தார் தாண்டவராயர். ராஜா எழுந்து தன் கையாலேயே அவர் வாயைப் பொத்தினார்.

"குடிகள்மேல் பழி போட்டீர். இனி இங்கே கருவேலங்கன்று நட்டு வளர்ப்பதுதான் உம் காரியம். சத்தம் வரக்கூடாது!"

ஏரியும் வயலும் அந்த ஊருக்கே என்று சாசனம் ஆயிற்று. செம்பாயிக்குக் கழுத்து முத்துமாலையையே கழற்றிக் கொடுத்தார். கொடுத்தவர் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மடியிலிருந்து பார்த்த வானம் அது இல்லை.

"மற்றதெல்லாம் வருமா செம்பாயி?"

"மரம் வளரணுமே சாமி. அதுவரைக்கும் தட்டை எடுத்துடாதீங்க."

ராஜா எடுக்கவேயில்லை. கிழவராகிக் கண் மங்கின பிறகும், கார்த்திகை பிறந்தால் புது வெற்றிலை வைத்துவிட்டுக் காத்திருப்பாராம்.