தாழ் போடும் முன்

இருட்டிய சற்று நேரத்தில் கன்னியர் மடத்து வாசல் பக்கம் கிறீச்சென்று ஒரு சத்தம். காற்றே இல்லாத வேளை. மறுபடியும் கிறீச்.

ஜெசிந்தா மடியில் தூங்கிய மகளை இறுக்கிக்கொண்டாள். "மதர், கதவைத் தாழ் போட்டுடட்டுமா? பயமா இருக்கு."

"வாசல்ல தொங்குற தொட்டிலோட சங்கிலிதான். வளர்க்க முடியாத பிள்ளையை யாரோ போட வந்திருக்கலாம். கொஞ்சம் பொறு. வந்தவங்க போகட்டும், முகம் பார்க்கக் கூடாது. அப்புறம் தொட்டிலுக்குள்ள கையை விட்டுத் தடவிப் பார்க்காம இந்த மடத்துல தாழ் போடுறதில்ல. அதுவரைக்கும் நீ கேட்க வந்ததைக் கேளு."

மதர் எவுப்பிராசி ஜெசிந்தாவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஞானோபதேச வேதபாடம் சொல்லிக்கொடுத்தவர். இன்றைக்கும் அவர் முன்னால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

மகள் அமலி பிறந்தது குழந்தைப்பேறு சிகிச்சையில். கூடவே உருவான மூன்று கருக்கள் ஆஸ்பத்திரியில் உறைய வைத்த நிலையில் இருந்தன. வைத்திருக்கவா, கொட்டிவிடவா என்று காலையில் பதில் சொல்ல வேண்டும். கொட்டச் சொல் என்கிறான் கணவன்.

"நீங்க அந்தச் சிகிச்சையே கூடாதுங்கிறீங்க. அப்போ இவ பிறந்ததே தப்பா மதர்?"

"வந்த வழி வேற, வந்தவ வேற. இவளைத் தப்புன்னு எவன் சொன்னாலும் என்கிட்ட அனுப்பு."

"இயற்கையிலேயே எத்தனையோ கரு தங்காமப் போகுதாமே? அதுக்கெல்லாம் யாரு அழுறான்னு மாமியார் கேட்கிறாங்க."

"சுனாமியில நம்ம ஊர்ல எத்தனை பேர் போனாங்க! அதுக்காக நாம யாரையாச்சும் கடல்ல தள்ளலாமா?"

ஜெசிந்தா வாசலையே பார்த்தாள். சத்தம் நின்றிருந்தது. நின்றது இன்னும் பயமாக இருந்தது.

"எங்க வீட்டுக்காரர் ஒண்ணு கேட்டார் மதர். ஆஸ்பத்திரி தீப்பிடிச்சா, ஒரு பக்கம் அழுற பிள்ளை, ஒரு பக்கம் அந்தக் கருவெல்லாம். உன் மதர் எதைத் தூக்குவாங்கன்னு."

"பிள்ளையைத்தான்."

"பார்த்தீங்களா!"

"நானும் அமலியும் தீக்குள்ள இருந்தா நீ யாரைத் தூக்குவ?"

ஜெசிந்தா தலை குனிந்தாள். "இவளை."

"நல்லது. அதுக்காக மறுநாள் என்னைக் குப்பையில கொட்டச் சொல்லுவியா?"

ஜெசிந்தா அமலியின் நெற்றி முடியை ஒதுக்கினாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "ஆனா அது வெறும் புள்ளி மதர். கண்ணுக்கே தெரியாது."

மதர் கை நீட்டி அமலியை வாங்கிக்கொண்டார். "நேரமாச்சு. போய்ப் பாரு."

"நானா? வாசல்ல லைட்கூட இல்லையே!"

"கைதான் இருக்கே."

சுவரைத் தடவிக்கொண்டே போனாள். தொட்டிலுக்குள் கையை விட்டாள். துணி. இன்னும் துணி. சட்டென்று, துணி மடிப்புக்குள் இளஞ்சூடாக ஏதோ ஒன்று. உள்ளங்கைக்குள் அடங்கியது. அழவில்லை, அசையவில்லை. ஐயோ, குறைமாசம்! துணியோடு வாரி மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"மதர், தண்ணி சூடு பண்ணுங்க! டாக்டரைக் கூப்பிடுங்க!"

விளக்கடியில் துணியை விலக்கினார் மதர். கண் திறக்காத பூனைக்குட்டி. வாசலில் தாய்ப்பூனை இன்னொன்றைக் கவ்விக்கொண்டு நின்று முறைத்தது.

ஜெசிந்தாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"இதுக்கா இந்த ஓட்டம் ஓடிவந்த?" என்றார் மதர்.

"பிள்ளைன்னு நினைச்சேன்."

"தெரியுமா, நினைச்சியா?"

"இருட்டுல எப்படித் தெரியும்? ஒருவேளை இருந்துட்டா?"

"இத்தனை சின்னதா இருக்கே, எதுவா இருந்தா என்னன்னு போட்டுட்டு வரலாமே?"

"என்ன மதர் இப்படிக் கேட்கிறீங்க! சின்னதா இருந்தா இன்னும் பத்திரமாத்தானே பிடிக்கணும்?"

மதர் அமலியை அவள் தோளில் சாய்த்தார்.

"காலையில ஆஸ்பத்திரியில கேட்டா, அதையே சொல்லு."

ஜெசிந்தா பூனைக்குட்டியைத் துணியோடு தரையில் இறக்கி வைத்தாள். தாய்ப்பூனை குட்டியோடு உள்ளே வந்தது. அவள் மறுபடி வாசலுக்குப் போய், தொட்டிலின் நான்கு மூலையையும் தடவிப் பார்த்தாள். உள்ளே வந்து தாழ் போட்டாள்.