ஒரே பாறையில் இரண்டு பல்லிகள்

"அது புது இனமே இல்லை, மேடம். அந்தக் கட்டுரையில கையெழுத்துப் போடாதீங்க" என்றான் பரஞ்சோதி.

பல்லிகளை வகைப்படுத்துவதில் பெயர் வாங்கியவர் எஸ்தர் மேடம். பரஞ்சோதி பல வருடமாக அவரிடம் ஆய்வு செய்கிறான். நிலோஃபர் போன வருடம்தான் சேர்ந்தாள். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே நரிக்கரடு என்ற பாறைக்குன்றின் உச்சியில் ஒரு நீளவால் பல்லியைக் கண்டுபிடித்து, அது புது இனம் என்று கட்டுரையும் எழுதிவிட்டாள்.

இத்தனை காலமும் பரஞ்சோதி வேலை பார்த்தது அந்தக் கரட்டின் அடிவாரத்தில்தான். ஒருநாளும் மேலே ஏறியதில்லை.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் நிலோஃபர் கொடுத்த மைசூர்பாகை அவன் தின்னவில்லை. சட்டைப் பையில் கிடந்து எறும்பு மொய்த்தது.

"ஏன் புது இனம் இல்லைங்கிற?"

"அடிவாரத்துல இருக்கிற நம்ம பல்லிதான் மேடம் அது. மேல போய்க் கொஞ்சம் நிறம் மாறியிருக்கு. அவ்வளவுதான்."

"எப்படி நிரூபிப்ப?"

"ரெண்டும் சந்திக்கிற இடம்னு ஒண்ணு இருக்கும். அங்க ரெண்டும் இணைசேர்ந்து கலந்து கிடந்தா அவ கட்டுரை குப்பை."

"குப்பைன்னு சொல்லும்போது உன் முகம் எப்படி மலருது!" என்றார் மேடம். "போய்ப் பாத்துட்டு வா."

போனான்.

பாதிக் கரட்டில் ஒரு பாறை. வெயிலில் குப்புறப் படுத்துக் காத்துக்கிடந்தான். கீழிருந்து ஒரு பல்லி வந்தது. மேலிருந்து ஒன்று வந்தது. அவன் சிரித்துக்கொண்டே நோட்டைத் திறந்தான்.

பொழுது சாயும்வரை பார்த்தான். மறுநாளும் போய்ப் பார்த்தான்.

திரும்பி வந்தவன் நாற்காலியில் உட்காரவில்லை.

"கலந்து கிடக்கா?"

"ஒரே பாறையிலதான் இருக்கு. ஆனா..."

"சொல்லு."

"அடிவாரத்து ஆண், இன்னொரு அடிவாரத்து ஆணைக் கண்டாத் தொண்டையை உப்ப வெச்சுக்கிட்டுப் பாயுது. வாலைக் கடிச்சுத் துண்டாக்குது. உச்சிப் பல்லி பக்கத்துலயே வெயில் காயுது. அதைத் திரும்பிக்கூடப் பாக்கல. பெட்டையும் தன் இனத்து ஆணோடதான் சேருது."

"அதனால?"

பரஞ்சோதி நோட்டை மேசையில் வைத்தான்.

"ரெண்டும் வேற வேற இனம். அவ எழுதினது சரிதான்."

மேடம் கட்டுரையை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார்.

"தன் இனம் இல்லாததுமேல அதுக்கு ஆத்திரமே வரலையா?"

"வரல, மேடம்."

பக்கத்து அறையில் நிலோஃபர் யாருடனோ சிரித்துப் பேசுவது கேட்டது. பரஞ்சோதியின் தாடை இறுகியது.

மேடம் அதைப் பார்த்தார்.

"அப்போ அவ யாரு, பரஞ்சோதி?"